மெட்டி ஒலி விஜி போயிட்டாங்க - உமா மகேஸ்வரி பத்தி பேசணும்னா இங்க வாங்க

தண்ணிமலை மகள் (பினாங்கு):

மெட்டி ஒலி சீரியல்ல விஜியா நடிச்ச உமா மகேஸ்வரி இன்னிக்கு 17.10.2021 காலமாயிட்டாங்க. வயசு வெறும் 40. சென்னைல அவங்க வீட்லயேதான். மஞ்சக்காமாலை வந்து முடியாம இருந்தாங்கன்னு செய்தில போட்டிருக்கான். வீட்டுக்காரர் கால்நடை டாக்டர், பேரு முருகன்.

காலைலேருந்து எங்க குடும்ப வாட்சப் குரூப்புல இதே பேச்சுதான், ஆனா பாதி பேருக்கு யாருன்னே பிடிபடல. "மெட்டி ஒலி நடிகை மரணம்"னு ஒருத்தர் போட்டார், படத்த பாத்தா கடைசி தங்கச்சி பவானி படம். இன்னொருத்தர் ஐயோ சரோவான்னு கேக்கறாங்க. எனக்கு வயித்தெரிச்சலா போச்சு, அதான் இந்த இழைய ஆரம்பிக்கறேன்.

மறந்தவங்களுக்காக: அப்பா சிதம்பரம் டெல்லி குமார் சார், அம்மா இல்லாத வீடு, அஞ்சு பொண்ணுங்க. தனம் காவேரி, சரோ காயத்ரி, லீலா வனஜா, விஜிதான் நம்ம உமா, பவானி ரேவதி பிரியா. 2002ல ஆரம்பிச்சு 2005 வரைக்கும் சன் டிவில ஓடுச்சு, நம்ம மலேசியாவுல ஆஸ்ட்ரோ டிஷ் டிவி வச்சிருந்த வீட்ல எல்லாம் அந்த நேரத்துக்கு யாராச்சும் போன் பண்ணா எடுக்க மாட்டாங்க.

நான் சொல்ல வந்தது ஒன்னே ஒன்னுதான். இந்த அஞ்சு பேர்ல எல்லாருக்கும் ஞாபகம் இருக்கறது தனமும் சரோவும். தனம் மூத்தது, எல்லாத்தையும் தலைல தூக்கி வச்சுக்கும். சரோவுக்கு அந்த மாமியார் ராஜம், அந்த புருசன் மாணிக்கம், கேக்கவே வேணாம், அழுதே நம்மள கொன்னுடுச்சு. விஜி நாலாவது. நாலாவதா பொறந்தவங்கள யாரு கவனிச்சா? ஆனா அக்கா தங்கச்சி எல்லாம் ஒன்னா உக்காந்து பேசற சீன யூடியூப்ல போட்டு, பேசறவங்கள விட்டுட்டு விஜிய மட்டும் பாருங்க. வசனமே இருக்காது. ஆனா கேட்டுக்கிட்டு இருக்கும். அக்கா ஒரு வார்த்த சொன்னா இது மூஞ்சில அது விழும், அப்பா தலைய குனிஞ்சா இது கண்ணு அங்க போகும், சும்மா தன்னோட முறை எப்ப வரும்னு நிக்கற நடிப்பு இல்ல அது. தொடர் ஆரம்பிச்சப்ப அவங்களுக்கு 21 வயசு இருந்திருக்கும், அந்த வயசுல அடுத்தவங்க பேசறத கேட்டு நடிக்கறது லேசு இல்ல லா. சத்தம் போட்டு அழறத யாரும் கத்துக்கலாம்.

அதனாலதான் படத்த மாத்திப் போட்டா கோவம் வருது. உங்களுக்கு ஞாபகம் இருக்கறத எழுதுங்க.

நைட்ஷிப்ட் அக்கா (பாயான் லெப்பாஸ்):

அடப்பாவமே. இப்பதான் ஷிப்ட் முடிஞ்சு வந்து பாக்கறேன், 40 வயசெல்லாம் ஒரு வயசா.

தங்கச்சி நீ சொல்ற நேரத்துக்கு உக்காந்து பாக்கற பாக்கியம் எல்லாம் எங்களுக்கு இல்ல. அப்ப ஃபேக்டரில மூனு ஷிப்ட், ஒரு வாரம் காலைல ஒரு வாரம் மத்தியானம் ஒரு வாரம் ராத்திரி. மத்தியான ஷிப்ட் வாரம் வந்தாதான் தலைவலி. வீடியோ ரெக்கார்டர்ல கேசட்ட போட்டு நேரத்த செட் பண்ணிட்டு போவேன், ஆனா ஆஸ்ட்ரோ டிகோடர் எந்த சேனல்ல இருக்கோ அதுதான் கேசட்ல ஏறும், ரெக்கார்டருக்கு சன் டிவின்னா என்னன்னு தெரியுமா? ரிமோட்ட ஒளிச்சு வச்சிட்டுதான் கெளம்புவேன். எங்க தம்பி டிகோடர் முன்னால இருக்கற பட்டன அமுக்கி மாத்திடுவான். ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஃபேக்டரி பஸ்ல வந்து இறங்கி, சோத்த போட்டுக்கிட்டு ஆசையா கேசட்ட ஓட்டுனா, எவனோ இங்கிலீஷ்காரன் பந்து ஒதச்சிக்கிட்டு இருப்பான். அன்னிக்கு வீட்ல ஒரு கச்சேரி நடக்கும் பாரு.

மழை பேஞ்சா அதுவும் இல்ல. டிவில கருப்பா வந்து நிக்கும், சிக்னல் இல்லன்னு. பினாங்குல சாயந்திரம் மழை பேயாத நாள் எத்தன நாள் சொல்லு. அப்புறம் அடுத்த நாள் லைன்ல நிக்கறப்ப பக்கத்து மேசை பொண்ணுதான் கத சொல்லணும், அது சொல்ற லட்சணத்துல நேர்ல பாத்தத விட ஜாஸ்தி அழுக வரும்.

இன்னொன்னு சொல்றேன் சிரிக்காதீங்க. தொடர் பேரே மெட்டி ஒலி, ஆனா அத பாத்து அழுத எங்க லைன் பொம்பளைங்க பாதி பேர் கால்ல மெட்டி கெடையாது. கிளீன் ரூம்ல நகை போடக்கூடாது, வளையல் மோதிரம் எதுவும் கூடாது, அந்த ஃபேக்டரி சப்பாத்துக்குள்ள மெட்டி விரல கடிக்கும் வேற. லாக்கர்ல கழட்டி வச்சிட்டு போவோம், சில பேர் ஒரேயடியா கழட்டி வீட்ல சாமி மேடைல வச்சிட்டாங்க, கல்யாணம் காட்சின்னா எடுத்து போட்டுக்கறது.

விஜிதான் எனக்கும் புடிக்கும். ஏன்னு கேட்டா, நானும் நாலாவதுதான்.

செந்தூல்காரன் (கோலாலம்பூர், கே.எல்.):

செத்தவங்கள பத்தி தப்பா பேசல, அந்தம்மா ஆத்மா சாந்தியடையட்டும். ஆனா ஒன்னு கேக்கறேன், கோவிச்சிக்காதீங்க. இந்த சீரியல்தானே நம்ம வீட்டு பொம்பளைங்கள கெடுத்தது? எங்க வீட்ல அந்த வருஷம் பூரா ராத்திரி சோறு கடைல கட்டி வாங்கற தபாவ்தான், தமிழ் முஸ்லிம் மாமாக் கடைல எனக்கு கணக்கு புக்கே இருந்துச்சு. மாமியார்னா கொடுமக்காரி, மருமகள்னா அழுமூஞ்சி, புருசன்னா கையாலாகாதவன். அத தினம் பாத்தா வீட்ல எப்படி இருப்பாங்க? எங்கம்மா சும்மா "சோறு கொழஞ்சு போச்சு"ன்னு சொன்னா கூட என் வீட்டுக்காரி "ஆமா ராஜம் வந்துட்டாங்க"ம்பா.

தண்ணிமலை மகள்:

அண்ணே உங்க வீட்டுக்காரம்மாவுக்கு நல்ல நகைச்சுவை உணர்வு இருக்கு, அத சீரியல் மேல போடாதீங்க.

அந்த கேள்விய மதிக்கறேன், ஆனா மெட்டி ஒலிய அப்புறம் வந்த பழிவாங்கற சீரியலோட சேக்காதீங்க. இதுல யாரும் யாருக்கும் வெஷம் வைக்கல, யாரும் செத்து வேற மூஞ்சியோட திரும்பி வரல. ஒரு அப்பா, கட்டிக் குடுக்கணும், கடன். போன எடத்துல பொண்ணு நல்லா இருக்கணும். அவ்வளவுதான் கத. அதுக்கு 800 எபிசோடு தேவையான்னு கேட்டா அது வேற விஷயம், பல நாள் கத நகரவே நகராது, ஒத்துக்கறேன்.

பழைய கேசட் (பிரிக்பீல்ட்ஸ்):

டைட்டில் பாட்ட யாரும் சொல்லல பாத்தீங்களா. நித்யஸ்ரீ மகாதேவன் குரல், தினா இசை, அதுல ஆடுறது சாந்தி, இன்னி வரைக்கும் அந்தம்மாவுக்கு மெட்டி ஒலி சாந்தின்னுதான் பேரு. பாட்டு ஆரம்பிச்சா போதும், சமையக்கட்டுல இருக்கறவங்க கைய தொடச்சிக்கிட்டு ஓடி வருவாங்க. கடைல அப்ப நான் கேசட் சிடி வித்துக்கிட்டு இருந்தேன், படப்பாட்டு கேக்கற மாதிரி இந்த டைட்டில் பாட்டு இருக்கான்னு வந்து கேட்டவங்க உண்டு.

டைரக்டர் திருமுருகன் தானே கோபியா நடிச்சார், அதுவும் ஞாபகம் வச்சுக்கங்க. அப்புறம்தான் 2006ல படம் எடுத்தார், நாதஸ்வரம் சீரியல் எடுத்தார். சேத்தன், போஸ் வெங்கட் எல்லாம் இதுலதான் வீட்டு ஆளா ஆனாங்க. ஆனா பாருங்க, ஆம்பளைங்களுக்கு அதுக்கப்புறம் சினிமா, அது இதுன்னு கதவு தெறந்துச்சு, அஞ்சு பொண்ணுங்கள்ல அந்த அளவுக்கு யாருக்கு தெறந்துச்சு? உமா படத்துலயும் நடிச்சிருக்காங்க, வெற்றிக் கொடி கட்டு, உன்னை நினைத்து, மலையாளத்துல கூட ஒன்னு. எல்லாம் சின்ன வேஷம். சீரியல்லயும் ஒரு கதையின் கதை, மஞ்சள் மகிமைன்னு செஞ்சாங்க. ஆனா கடைசில செய்தில போட்டது என்ன? மெட்டி ஒலி விஜி. பதினாறு வருஷத்துக்கு முன்னாடி முடிஞ்ச வேஷம்.

கெப்போங் குட்டி:

ஹாய், நான் சின்ன புள்ள, அந்த நேரத்துல பேம்பர்ஸ் போட்டிருந்தேன் 😅 கொரோனா ஊரடங்கு எம்.சி.ஓ. டைம்ல பாட்டி கூட யூடியூப்ல பாத்தேன், மொதல்ல சும்மா பாட்டிக்கு போட்டு குடுத்துட்டு போன நோண்டிக்கிட்டு இருப்பேன், அப்புறம் பாத்தா நானே "பாட்டி நான் வர்றதுக்குள்ள பாக்காதீங்க"ன்னு சொல்ற நெலமைக்கு வந்துட்டேன்.

மேக்கப் ரொம்ப கம்மியா இருக்கு இல்ல? இப்ப வர்ற சீரியல்ல தூங்கறப்ப கூட லிப்ஸ்டிக்கும் ஒட்டியாணமும். இவங்க எல்லாம் நம்ம பக்கத்து வீட்டு அக்கா மாதிரி சாதா புடவ, வேர்த்துப்போன மூஞ்சி. விஜி அக்கா போயிட்டாங்கன்னு பாட்டிக்கு இன்னும் சொல்லல. பாட்டிக்கு அவங்க எல்லாம் இன்னும் அதே வயசுலதான் இருக்காங்க.

ஒரு டவுட்டு, லீலாவும் விஜியும் நெஜமாவே அக்கா தங்கச்சியா? பாட்டி சொன்னாங்க, நான் நம்பல.

தண்ணிமலை மகள்:

நெஜந்தான் குட்டி. லீலாவா நடிச்ச வனஜா உமாவோட கூடப்பொறந்தவங்க. அத தெரிஞ்சுக்கிட்டு அவங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல வர்ற சீன பாரு, ஒருத்தர் தோள்ல ஒருத்தர் கைய போட்டா அது டைரக்டர் சொல்லிக் குடுத்ததா இருக்காது. இன்னிக்கு எல்லாரும் விஜிக்கு அழறோம், வனஜா யாருக்கு அழறாங்கன்னு நெனச்சா என்னால முடியல.

பிறை மச்சான்:

யூடியூப்ல ஆரம்பிச்சுட்டானுங்க பாத்தீங்களா. "கடைசி நிமிடத்தில் நடந்தது என்ன", "கணவர் சொன்ன அதிர்ச்சி தகவல்", செவப்பு வட்டம், அம்புக்குறி. உள்ள போனா ஒன்னும் இருக்காது, பத்து நிமிசம் போட்டோவ முன்ன பின்ன ஆட்டிக்கிட்டே இருப்பான். போன டிசம்பர்ல பாண்டியன் ஸ்டோர்ஸ் சீரியல்ல முல்லையா நடிச்ச சித்ரா போனப்ப இவனுங்க பண்ணுன அட்டூழியம் மறக்கல, அந்த குடும்பத்த எத்தன மாசம் பிச்சு தின்னானுங்க. நம்ம குரூப்புல அந்த லிங்க எல்லாம் போடாதீங்க மக்களே, பாக்க பாக்கதான் அவனுக்கு காசு.

வெள்ளை கோட்டு (கே.எல்., மிஸ்ஸி):

மச்சான் சொன்னது சரி, எங்க நர்சுங்க குரூப்புலயே அந்த லிங்க் வந்துச்சு, போட்டவள நல்லா ஏசிட்டேன்.

அவங்களுக்கு உடம்புல சரியா என்ன நடந்துச்சுன்னு அவங்க டாக்டருக்குத்தான் தெரியும், நாம இங்க உக்காந்து சொல்லக்கூடாது. ஆனா மஞ்சக்காமாலைன்னு வந்ததால ஒரு வார்த்த. மஞ்சக்காமாலைங்கறது தனியா ஒரு நோய் இல்ல, ஈரல்லயோ பித்தப்பாதைலயோ ரத்தத்துலயோ ஏதோ ஆயிருக்குன்னு காட்டற அடையாளம். கிருமியா இருக்கலாம், பித்தப்பை கல்லா இருக்கலாம், தண்ணியடிக்கறதா இருக்கலாம், மருந்து ஒத்துக்காததா கூட இருக்கலாம். நம்ம ஆளுங்க கண்ணு மஞ்சளானா கீழாநெல்லிய அரைச்சு மோர்ல குடிச்சிட்டு, மந்திரிச்சிட்டு, மஞ்ச போயிடுச்சு நல்லாயிடுச்சும்பாங்க. கண்ணு வெள்ளையானா ஈரல் சரியாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, ரத்த பரிசோதனை பண்ணாதான் தெரியும். நம்ம ஊர்ல 1989லேருந்து பொறக்கற புள்ளைங்களுக்கு ஹெப்படைட்டிஸ் பி ஊசி போடறாங்க, அதுக்கு முன்னாடி பொறந்தவங்க, அதாவது மெட்டி ஒலிய நேரத்துக்கு உக்காந்து பாத்த நாம எல்லாரும், அரசாங்க கிளினிக்ல ஒருக்கா கேட்டு பாத்துக்கங்க.

மந்திரிக்கறத விட சொல்லல. மந்திரிச்சிட்டு கிளினிக்குக்கும் வாங்கன்னு சொல்றேன்.

நைட்ஷிப்ட் அக்கா:

நன்றி மிஸ்ஸி. என் வீட்டுக்காரர தள்ளிக்கிட்டு வர்றேன், ஆளு ஊசின்னா மயக்கம் போடுவார்.

செந்தூல்காரன் தம்பிக்கு ஒன்னு. சீரியல் பாத்து பொம்பளைங்க கெட்டுப்போனாங்கன்னு சொன்னியே, நாங்க தோட்டத்துலேருந்து வந்தவங்க. தோட்டத்த வித்துட்டாங்க, லயத்து வீட்ட, அதான் தோட்டத்துல வரிசையா கட்டிக் குடுத்த வீட்ட, காலி பண்ண சொன்னாங்க, பிளாட்டுக்கு வந்தோம். தோட்டத்துல சாயந்திரம் ஆனா வாசல்ல உக்காந்து ஊர் கத பேசலாம், அக்கா தங்கச்சி எல்லாம் பக்கத்து பக்கத்து லயத்துலதான் வாக்கப்பட்டிருப்பாங்க. பிளாட்டுல எட்டாவது மாடில கதவ சாத்துனா யாரும் இல்ல. என் அக்காவுங்க மூனு பேரும் மூனு ஊர்ல. அப்ப இந்த அஞ்சு பேரும் ஒன்னா உக்காந்து பேசறத பாத்தா எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் மாமியார் சண்டைய பாக்க உக்காரல. அக்கா தங்கச்சிங்கள பாக்க உக்காந்தேன்.

செந்தூல்காரன்:

சரி அக்கா, அந்த கோணத்துல நான் யோசிக்கல. ஆனா தபாவ் கணக்க யாரு கட்டறது 😂

ஒன்னு மட்டும் நானும் சொல்றேன். அந்த அப்பா வேஷம். எதிர்ல நிக்கற ஆளு ரூல்ஸ் பேசிக்கிட்டே இருப்பான், அவர் துண்ட கைல வச்சிக்கிட்டு பதில் சொல்ல முடியாம நிப்பார் பாருங்க, அப்ப நான் செய்தித்தாள் படிக்கற மாதிரி மூஞ்சிய மறச்சுக்குவேன். எனக்கு ரெண்டு பொண்ணுங்க. வேற ஒன்னும் இல்ல.

ஆனா ராஜம் மாதிரி மாமியார் எல்லாம் நம்ம ஊர்ல கெடையாது, அது மட்டும் ஜாஸ்தி.

பிறை மச்சான்:

கெடையாதா? வாங்கண்ணே பிறைக்கு, காட்டறேன்.

பழைய கேசட்:

ராஜமா நடிச்ச சாந்தி வில்லியம்ஸ் அவ்வளவு நல்லா நடிச்சதாலதான் சரோ பேரு நின்னுச்சு, அதையும் சொல்லணும். எங்கம்மா டிவிய பாத்து மண்ண வாரி தூத்துவாங்க, நான் கடைய சாத்திட்டு வந்தா "இன்னிக்கு அவ என்ன பண்ணா தெரியுமா"ன்னுதான் சோறே போடுவாங்க. கெட்டவங்களையும் அழறவங்களையும் ஞாபகம் வச்சிக்கறது லேசு. தண்ணிமலை மகள் மொதல்ல சொன்ன விஷயம் அதனாலதான் எனக்கு புடிச்சது, நேத்து ராத்திரி ரெண்டு மூனு எபிசோட போட்டு விஜிய மட்டும் பாத்தேன். ஒரு எடத்துல தனம் ஏதோ கணக்கு வழக்கு பேசிக்கிட்டு இருக்கு, விஜி பின்னால துணி மடிக்குது. காசுங்கற வார்த்த வந்ததும் மடிக்கற கை நின்னு, அப்புறம் மறுபடியும் மடிக்குது. ஒரு செகண்டு கூட இருக்காது. இத யாரும் கிளிப்பா வெட்டி போட மாட்டாங்க.

கெப்போங் குட்டி:

ஐயோ அங்கிள் நானும் இனிமே அப்படித்தான் பாக்க போறேன்.

பாட்டிக்கு சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்னும் பேசல, அப்புறம் "அந்த புள்ளைக்கு கொழந்த இருக்கா"ன்னு கேட்டாங்க. எனக்கு தெரியலன்னு சொன்னேன். அவங்க அப்பாவுக்கு யாரு சொன்னாங்கன்னு கேட்டாங்க. எந்த அப்பா பாட்டின்னா, சிதம்பரமாம்.

தண்ணிமலை மகள்:

குட்டி, உங்க பாட்டிய எனக்கு ரொம்ப புடிச்சிருக்கு.

நான் அடுத்த வாரம் அம்மாவ பாக்க போறேன், அம்மா இப்ப கே.எல்.ல அண்ணன் வீட்ல. இந்த மாசம் 11ஆம் தேதிதான் மாநிலம் தாண்ட விட்டாங்க, கொரோனா ஊசி ரெண்டும் போட்டாச்சு, தீபாவளி கூட்டத்துக்கு முன்னாடி போயிடலாம்னு. அம்மா யூடியூப் எல்லாம் பாக்க மாட்டாங்க, போன்ல கண்ணு தெரியல. பெரிய டிவில போட்டு குடுக்க என்ன வழி? டிவி பழசு, ஸ்மார்ட் டிவி இல்ல.

பிறை மச்சான்:

ஆண்ட்ராய்டு பாக்ஸ் ஒன்னு வாங்கிக்கங்க, நூறு நூத்தம்பது வெள்ளிக்கு கெடைக்கும், டிவி பின்னால எச்.டி.எம்.ஐ. ஓட்ட இருக்கான்னு மட்டும் மொதல்ல அண்ணன கேட்டுக்கங்க. வைஃபை போட்டு யூடியூப தெறந்து மெட்டி ஒலின்னு தமிழ்லயே பேசுனா வரும். பாக்ஸ் ரிமோட்ட டிவி ரிமோட்டோட ரப்பர் பேண்ட் போட்டு கட்டிடுங்க, இல்லன்னா தினம் உங்களுக்கு போன் வரும்.

நைட்ஷிப்ட் அக்கா:

மழை பேஞ்சா நிக்குமா அது?

பிறை மச்சான்:

நிக்காது அக்கா. தம்பி வந்து சேனல மாத்தவும் முடியாது.

செந்தூல்காரன்:

மொத்தம் எத்தன எபிசோடு இருக்கு? வீட்டுக்காரி கேக்கறா, நான் இல்ல.

பழைய கேசட்:

811.

செந்தூல்காரன்:

மாமாக் கடைல புது கணக்கு புக்கு போட சொல்றேன்.